சேற்றுக் கரையோரம் ஒரு வேன்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் மாலைகளைத் தொங்கவிடும் முன்பே அந்த வெள்ளை வேன் கிளம்பிவிட்டது. ஓட்டுகிறவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பக்கத்து இருக்கையில் ஒரு தெர்மோஸ், ஒரு நோட்டுப் புத்தகம், போர்ட் கிள்ளானின் ஓத அட்டவணை. பின்னால் இருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டிருக்கிறார். அதன் அடியில் ஒற்றை அடுப்பு, அரிசி, ஊறுகாய், இரண்டு தண்ணீர்க் கேன்கள். கூரைமேல் ஒரு சூரியத் தகடு. அது இரவெல்லாம் ஒரு சிறு விசிறியைச் சுழலவைக்கும். ஆறு நாள், கடலோரமாகவே, தெலுக் இந்தான் வரை. கூட யாரும் இல்லை.

“தனியாவா டீச்சர்?” என்று அடுக்குமாடியில் கேட்காதவர் இல்லை.

“தனியாத்தான். அப்பத்தான் நினைச்ச இடத்துல நிறுத்த முடியும்” என்பது அவர் பதில்.

இந்த ஆசைக்கு விதை மெக்சிகோவில் இருக்கிறது. பாஹா கலிபோர்னியா என்னும் ஒல்லியான தீபகற்பத்தின் நீளத்துக்கும், அமெரிக்க எல்லையில் உள்ள திஹுவானாவிலிருந்து தென்முனைக் காபோ சான் லூக்காஸ் வரை, 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நெடுஞ்சாலை போகிறது. 1973இல் அது முழுமை பெற்றது முதல் வடக்கே பனிக்காலம் தொடங்கியதும் வண்டியையே வீடாக்கிக்கொண்டு அங்கே இறங்குகிறவர்கள் ஏராளம். தனியாக வரும் பெண்களும் அவர்களில் உண்டு. கொன்செப்சியோன் வளைகுடாவின் வெள்ளை மணலில் சக்கரம் நனையும் தூரத்தில் நிறுத்தி வாரக்கணக்கில் தங்குவார்கள். உச்ச ஓதக் கோட்டிலிருந்து 20 மீட்டர் நிலம் அங்கே நாட்டின் பொதுச் சொத்து. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசிரியைக்கு ஒரு கேள்வி வந்தது. நம் கரை எங்கே?

மலேசியாவில் கடலோரப் பயணம் என்றால் எல்லாரும் கிழக்கே போவார்கள். சேராத்திங், திரங்கானு, வெள்ளை மணல், தென்னை. கிள்ளான் பள்ளத்தாக்கின் சொந்தக் கடல் மேற்கே இருக்கிறது. அது சேற்றுக் கடல். அதனாலேயே அதைப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. தமிழர்கள் கப்பலிலிருந்து இறங்கிய கடலும் அதுதான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. 1974இல் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்த சிலாங்கூர், அதன் நினைவாக எழுப்பிய வளைவு அது. பத்து நிமிடத்தில் ஷா ஆலம். மாநிலத் தலைநகராவதற்கு முன் அது சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரம் நின்ற இடத்தில் பெரிய மசூதியும் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. பழைய தோட்டங்களின் மேல்தான் இந்தப் பள்ளத்தாக்கு கட்டப்பட்டிருக்கிறது.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் கொஞ்சம் முறுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போனார். 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1970களில் போர்ட் கிள்ளான் ஆனது. இன்று அங்கே கண்ணுக்கு எட்டியவரை கன்டெய்னர்களும் பாரந்தூக்கிகளும். ஆசிரியையின் பாட்டி அங்கேதான் இறங்கினார். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கைத் தொட்டு, இங்கே வந்து சேர்ந்தது ரஜூலா கப்பல். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. பல மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பெயர் மறந்திருக்கும். கப்பலின் பெயர் மறக்கவில்லை.

பாட்டி சொன்ன ஒரே ஒரு விவரத்தை ஆசிரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கப்பலிலிருந்து பார்த்தபோது கரை தெரியவில்லையாம். காடுதான் தண்ணீரில் நின்றதாம்.

அந்தக் காடு கேரித் தீவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. லங்காட் ஆறு பிரித்த இந்தத் தீவுக்குப் பாலம் உண்டு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தோட்டமாக்கினார். இன்று பெரும்பகுதி செம்பனை. நடுவே மா மெரி என்னும் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். சுங்கை பும்புன் கிராமத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் உளிச் சத்தம் கேட்டது. சதுப்புக்காட்டில் வளரும் நீரே பத்து என்னும் சிவப்பு மரத்தில் முன்னோர் ஆவிகளின் முகமூடிகளைச் செதுக்குகிறார்கள். கடலை வணங்கும் சடங்கை மா மெரி மக்கள் வற்றத்தின்போது சேற்றுப் பரப்பில் இறங்கி நடத்துவார்கள்; ஓதம் திரும்பும் முன் முடித்துவிட வேண்டும். சேறு அவர்களுக்கு ஒரு கோயில் முற்றம்.

அன்று மாலையே ஆசிரியைக்கு இந்தச் சேற்றோடு நேரடி அறிமுகம் கிடைத்தது. மோரிப் கடற்கரையில் நிழல் தேடி, தார்ச்சாலையை விட்டு இருபது அடி உள்ளே வண்டியை இறக்கினார். மேலே காய்ந்த மணல், கீழே களிமண். பின்சக்கரம் சுழன்றது, புதைந்தது. அடுத்து முடுக்கியபோது வண்டி உட்கார்ந்தேவிட்டது.

1945 செப்டம்பர் 9ஆம் தேதி இதே கரையில் இது நடந்திருக்கிறது, மிகப் பெரிய அளவில். மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்க பிரிட்டிஷார் திட்டமிட்ட ‘சிப்பர்’ படையிறக்கம் அது. ஜப்பான் ஆகஸ்டிலேயே சரணடைந்துவிட்டதால் எதிர்க்க ஆளில்லை. ஆனாலும் 25ஆவது இந்திய டிவிஷன் திட்டப்படி மோரிப்பில் இறங்கியது. உளவுத் தகவலில் கெட்டி மணல் என்று நம்பிய இடம் களிமண். லாரிகளும் மற்ற வண்டிகளும் வரிசையாகச் சிக்கின. பல ஓதத்தில் மூழ்கின. துப்பாக்கி ஏந்திய எதிரி கரையில் நின்றிருந்தால் அந்த நாளின் கதை கோரமாக முடிந்திருக்கும் என்பது போர் வரலாற்றை எழுதியவர்களின் பொதுவான முடிவு.

ஆசிரியையின் வேனை மீட்டவர்கள் பக்கத்துக் கடையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு மலாய் இளைஞர்கள். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார்கள், தென்னை மட்டைகளைச் சக்கரத்தின் கீழ் செருகினார்கள், தள்ளினார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். “மக்சிக், பௌர்ணமி வருது. இன்னைக்கு ராத்திரி தண்ணி இந்த மரம் வரைக்கும் வரும்” என்று ஒருவர் மலாயில் சொல்லி, முப்பது அடி தள்ளியிருந்த சவுக்கு மரத்தைக் காட்டினார். நள்ளிரவுக்குப் பிறகு அது நடந்தது. சாலையோரம் பத்திரமாக நின்ற வேனிலிருந்து, தான் புதைந்த குழியின் மேல் நிலா வெளிச்சத்தில் அலை புரள்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஓதம்தான். மலாக்கா நீரிணை வடக்கே அகன்றும் தெற்கே குறுகியும் ஒரு புனல்போல் இருக்கிறது, ஆழமும் குறைவு. அந்தமான் கடலிலிருந்து வரும் நீர் இந்தப் புனலுக்குள் நெருக்குண்டு கிள்ளான் பக்கம் உயர்ந்து நிற்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் போர்ட் கிள்ளான் அட்டவணையில் உச்ச ஓதம் 5 மீட்டரைத் தாண்டுவதுண்டு. கிழக்குக் கரையில் இந்த அளவு ஏற்ற இறக்கம் கிடையாது. கரை மிகத் தட்டையாக இருப்பதால், வற்றத்தில் கடல் கண்ணுக்கு மறையும் தூரம் பின்வாங்கும்.

மறுநாள் வடக்கே திரும்பி, கிள்ளானைத் தாண்டி, காப்பார். 5ஆம் எண் கூட்டரசுச் சாலை ஜொகூரின் ஸ்கூடாயில் தொடங்கி ஈப்போவில் முடிவது. அதன் சிலாங்கூர்ப் பகுதியில் தமிழர்க்கு மிக நெருக்கமான துண்டு இதுதான். ஆசிரியை பிறந்த தோட்டம் இங்கே இருந்தது. லயங்கள் இல்லை. அந்த இடத்தில் கிடங்குகள், ஒரு தொழிற்சாலையின் நீளச் சுவர். சுவரின் ஓரத்தில் அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, புதிய சாயம் பூசி. வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் வேனைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

“யாரும்மா? எந்த டிவிஷன்?”

“ரெண்டாவது டிவிஷனுங்க ஐயா. அப்பா பால் வெட்டுல இருந்தாங்க.”

அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். வெள்ளத்தில் கரை உடைந்த வருடம், தீமிதி நின்றுபோன வருடம், ஆட்கள் காலிசெய்த வருடம். பெரியவருக்கு ஆண்டு எண்கள் நினைவில்லை. யார் வீட்டில் என்ன நடந்த வருடம் என்பது நினைவிருந்தது. ஆசிரியை எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்தத் தோட்டச் சாலைகளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் முதன்மையானவர் ஆர். எச். நாதன். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முறையான பள்ளி கேட்டார்கள். கூடவே இன்னொன்றும்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க மறுத்ததும் போராட்டமாக இருந்த அதே மண்சாலையில், ஒரு தோட்டத்துப் பெண் தன் சொந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார். பாடப்புத்தகத்தில் இந்த வேலைநிறுத்தத்துக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்க வேண்டும்.

காப்பாரின் அடையாளம் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். வெகு தூரத்திலிருந்தே தெரியும். பறவை பார்ப்பவர்களுக்கு அந்த மின்நிலையம் வேறு காரணத்துக்காகத் தெரியும். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கும் கரைப்பறவைகள் இந்தச் சேற்றில் இறங்கி நண்டும் புழுவும் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. ஓதம் ஏறிச் சேறு மூடியதும் அவற்றுக்கு நிற்க இடம் வேண்டும். அதற்கு மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. உலகிலேயே அரிதாகிவிட்ட நோர்ட்மன் பச்சைக்காலியும் அங்கே காணப்பட்டிருக்கிறது. உள்ளே போக அனுமதி வேண்டும். ஆசிரியைக்கு வெளியே இருந்து ஒரு கூட்டம் எழும்பிப் பறந்ததைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

இரவுத் தங்கலுக்கு அவர் மூன்று ஒழுங்குகளை வைத்துக்கொண்டார். வெளிச்சம் இருக்கும்போதே இடம் சேர்வது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துவது. கிளம்பும் திசையைப் பார்த்து வண்டியின் முகம் இருப்பது. விளக்கெரியும் எண்ணெய் நிலையம், மீனவர் படகுத்துறை, சூராவ் வளாகம் என்று இடம் கிடைத்தது. சூராவில் கேட்ட இடத்தில் குளியலறைச் சாவியையும் கொடுத்தார்கள். வண்டியின் அமைப்பை மாற்றி வீடாக்க நினைப்பவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலை முதலில் வாங்கிவிட வேண்டும். கழிவுநீரையும் குப்பையையும் கரையில் விடக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மோரிப்பிலும் ஜெராமிலும் கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தபின் சொல்லத்தான் வேண்டும்.

ஜெராமில் படகுத்துறையோரம் தூங்கிய இரவு, அதிகாலை நாலு மணிக்கு வண்டியே குலுங்கியது. காற்று, உடனே மழை, இடி. மேற்குக் கரைக்காரர்கள் இதை ‘சுமத்ரா’ என்பார்கள். நீரிணைக்கு அப்பால் இரவில் உருவாகும் மேகச்சுவர் விடியும் முன் இங்கே வந்து மோதும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வேனின் தகரக் கூரைக்குள் தனியாக அதைக் கேட்பது அச்சமாகத்தான் இருந்தது. எட்டு மணிக்கு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கெராங் அள்ளும் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்தச் சேற்றில் விளைவது அந்தச் சிப்பிதான். ஒரு கிலோ வாங்கி, வெந்நீரில் வாய் திறக்கும்வரை வைத்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் காலை உணவையே அதில் முடித்தார்.

கோல சிலாங்கூருக்குப் போகும் வழியில் புக்கிட் ரோத்தானில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். 51 சக்தி பீடங்களையும் ஒரே இடத்தில் சிலைகளாக வைத்த கருங்கல் கோயில். 2013இல் குடமுழுக்கு கண்டது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் தென்னமாரம் தோட்டம். பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், தென்னைமரம் காதில் விழும். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் வணிக முறையில் செம்பனையை முதலில் நட்ட இடம் அது. அவர் பிற்பாடு ‘மலேசி’ என்ற நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். நாடு முழுதும் பரவிய செம்பனை, தமிழ்ப்பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியது.

கோல சிலாங்கூரின் மெலாவத்திக் குன்றில் அதிக நேரம் நிற்கவில்லை. 1784இல் டச்சுக்காரர் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் மாற்றிய கோட்டை, 1907இன் கலங்கரை விளக்கம், பிறக்கும்போது ஆரஞ்சு நிறமாக இருக்கும் குட்டிகளை அணைத்த சாம்பல் நிறக் குரங்குகள். பேருந்துகள் நிறைய வருகின்றன. இரவுதான் இந்த ஊரின் நேரம். கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு ஆற்றில் நழுவும்; பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். மரம் முழுவதும் ஒரே மூச்சு விடுவதுபோல் இருக்கும். அவற்றின் புழுக்கள் ஆற்றோரச் சேற்றில் நத்தை தின்று வளர்கின்றன. கரையை வெட்டி வீடு கட்டினால், விளக்குப் போட்டால், மரம் இருந்தும் மின்மினி இருக்காது. படகோட்டி கைப்பேசியை அணைக்கச் சொன்னார். எல்லாரும் அணைத்தார்கள்.

தஞ்சோங் காராங் தாண்டினால் நிறம் மாறுகிறது. செம்பனையின் கரும்பச்சை முடிந்து, செகிஞ்சான் வயல்களின் இளம்பச்சை. 1930களில் பெர்ணம் ஆற்று நீரைக் கால்வாயில் கொண்டுவந்து சதுப்பை நெல்வயலாக மாற்றினார்கள். வருடத்துக்கு இரண்டு போகம். நாட்டிலேயே அதிக விளைச்சல் தரும் வயல்களில் இவை உண்டு. வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்திச் சோறு வடித்தார் ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற நினைப்பு வந்ததாக நோட்டில் எழுதியிருக்கிறார். ரெடாங் கடற்கரையில் சிவப்புத் துணிகளை வேண்டுதலாக வீசிய மரம் ஒன்று இருக்கிறது. மீன்கடைச் சீனர் ஒருவர், “அன்டி, தனியாவா? பயம் இல்ல?” என்று நல்ல தமிழில் கேட்டார். சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் ஐஸ் வண்டி ஓட்டினாராம்.

வயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண்கரை நீள்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கரை உடைந்தால் உப்புநீர் வயலுக்குள், தோட்டத்துக்குள், வீட்டுக்குள். இந்தக் கடலோரம் முழுவதையும் வாழக்கூடிய நிலமாக வைத்திருப்பது இந்தக் கரையும், அதன் பின்னே மண்வெட்டியால் எடுத்த வாய்க்கால்களும், மதகுகளும்தான். தமிழர், ஜாவானியர், சீனர் என்று பலர் கை பட்டது. இதற்குப் பெயர்ப்பலகை எங்கும் இல்லை.

சபாக் பெர்ணமில் ஆற்றைக் கடந்தால் பேராக். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராட்டா தோட்டம். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கியது. மென்மையான நிலத்தில் கனமான லாரி ஓடாது என்பதால் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லக் குறுகிய தண்டவாளம் போட்டார்கள். வழி கேட்ட இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. மீன் குழம்பு, கீரை. “அக்கா, வண்டியில தூங்காதீங்க, நம்ம வீட்ல படுங்க” என்றார் அந்த வீட்டுப் பெண். ஆறு நாளில் ஆசிரியை ஒரு கூரையின் கீழ் தூங்கியது அந்த இரவு மட்டும்.

தெலுக் இந்தானில் பயணம் முடிந்தது. ஊர் நடுவில் 25.5 மீட்டர் உயரச் சாய்ந்த கோபுரம். லியோங் சூன் சோங் 1885இல் கட்டியது. வெளியிலிருந்து எட்டு அடுக்காகத் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தது. கீழே மென்மண். எடை தாங்காமல் நிலம் ஒரு பக்கம் இறங்கியது. மோரிப்பில் வேனைப் பிடித்த அதே குணம்தான்.

திரும்பி வந்ததும் ஆசிரியை செய்த முதல் வேலை, காப்பார்ப் பெரியவர் சொன்னவற்றைச் சுத்தமாகப் பிரதி எடுத்து அவருக்கே ஒன்று அனுப்பியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தாத்தா பாட்டி இறங்கிய தோட்டத்தின் பெயர் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இடம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை, ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, தனியாகப் போய் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். காப்பார்க் கோயிலில் அந்தப் பெரியவர் காலை எட்டு மணிக்கெல்லாம் வாசல் கூட்ட வந்துவிடுகிறார்.